பின் சீட்டில் நாற்பத்தாறு கிலோ

சித்தன் தன் பெண்டாட்டியை வழியில் தவறவிட்டது தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. கரடியூரிலிருந்து ஒண்டிக்கடைக்கு அவரைக்கொட்டை விற்கப் போகும்போது, புல்லட்டின் பின் சீட்டில் ஒரு பக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த பாவாயி ஒரு மேட்டு வளைவில் வழுக்கி விழுந்துவிட்டாள். அந்த இடத்தில் எஸ்டேட்காரர்கள் காப்பிப்பழத் தோலைக் குவியலாகக் கொட்டி வைத்திருந்தார்கள், அதனால் பிழைத்தாள். முழங்கையில் கொஞ்சம் தோல் உரிந்தது, சேலை முழுக்க நாற்றம், அவ்வளவுதான். சித்தன் போய்க்கொண்டே இருந்தான். இரண்டு மைல் தள்ளி ஒண்டிக்கடையில் வண்டியை நிறுத்தி, "எறங்கு" என்று சொல்லி, யாரும் இறங்காததால் திரும்பிப் பார்த்தபோதுதான் ஆளே இல்லை என்று கண்டான். அதுவரைக்கும் அவளோடு பேசிக்கொண்டு வேறு வந்திருக்கிறான்.

அவன் பதறியடித்துக்கொண்டு திரும்பிப் போவதற்குள் பாவாயி எழுந்து, சேலையை உதறி, அவரைக்கொட்டைப் பையை எடுத்துக்கொண்டு, குறுக்குப் பாதையில் நாகலூருக்கு நடந்துவிட்டாள். நாகலூரில் அவளுடைய அண்ணன் பொன்னுவேல் இருந்தான். போனவள் போனவள்தான். சித்தன் மூன்று தடவை போய்க் கூப்பிட்டான். மூன்று தடவையும் பொன்னுவேல் வாசலில் நின்று, "வரமாட்டாளாம்" என்றான். உள்ளே பாவாயி முறத்தில் ராகி புடைக்கிற சத்தம் கேட்டது. அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

ஒன்பது வருஷக் குடித்தனம். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. பன்னிரண்டு நாளாகச் சித்தன் கட்டி கட்டியாகக் களி கிண்டித் தின்றுகொண்டிருந்தான். அவனுக்கு அவள் இல்லாமல் இருக்க முடியவில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ராத்திரி படுத்தால் அந்தப் பக்கம் காலியாகக் கிடக்கிறது, தூக்கம் வருவேனா என்கிறது.

புல்லட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால், மாற்றலாகிப் போன ஓர் எஸ்டேட் மானேஜரிடம் வாங்கியது. கரடியூருக்கு வந்த முதல் மோட்டார் சைக்கிள். சித்தன் அதைக் கண்ணில் வைத்துக் காப்பாற்றினான். காலையில் மாட்டைக் கவனிப்பதற்கு முன்னால் வண்டியைத் துடைப்பான். "டாங்கு மேல ஒரு டம்ளர் தண்ணிய வெச்சு சேர்வராயன் கோயில் வரைக்கும் ஓட்டுனாலும் ஒரு சொட்டு சிந்தாதுங்க" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வான். வைத்துக் காட்டு என்று கேட்டால் டம்ளர் இல்லை என்பான். பின் சீட்டைப் பற்றியும் அவனுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. பங்களாவில் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருக்குமாம். வாங்கின நாளிலிருந்து அவன் அந்தச் சீட்டில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் பொன்னுவேல் தங்கையைக் கூட்டிக்கொண்டு கரடியூருக்கு வந்து பஞ்சாயத்து வைத்தான். ஊர்க்கவுண்டர் பெரியண்ணன் அறுபத்திரண்டு வயதுக்காரர். ஒட்டி உலர்ந்த சின்ன உடம்பு. அவரிடம் ஒரு பழக்கம், எந்த வழக்கானாலும் கண்ணால் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டார். ஒரு தடவை, ஒருத்தனுடைய மாடு அடுத்தவன் காட்டுப் படலைக் கொம்பால் தூக்கித் திறந்துகொண்டு போகிறது என்று புகார் வந்தது. மாட்டைக் கொண்டுவந்து படலுக்கு முன்னால் நிறுத்தி, ஊரே எதிரில் உட்கார்ந்து மத்தியானம் வரை பார்த்துக்கொண்டிருந்தது. மாடு படலைத் தொடவில்லை. வழக்கும் போயிற்று.

"பொண்டாட்டி உளுந்தது தெரியாம ஒருத்தன் ரெண்டு மைலு போவானுங்களா? கேட்டு வந்திருக்கறங்க" என்றான் பொன்னுவேல்.

"நெசமாலுமே தெரியலீங்க" என்றான் சித்தன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வண்டி என்று வந்துவிட்டால் இவன் வாய் சும்மா இருக்காதே! "என்ற வண்டி அப்படீங்க. அத்தன ஸ்டெடி. பின்னால ஆள் இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்."

பாவாயி தலையைத் தூக்கி ஒரு தரம் அவனைப் பார்த்தாள். பிறகு மறுபடி தரையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

கவுண்டர், விவரம் தெரிந்த ஒருவரைக் கேட்கலாம் என்று ஒண்டிக்கடை மெக்கானிக் தேவசிகாமணியை வரவழைத்திருந்தார். தேவசிகாமணி மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், அளந்துதான் பேசுவார். வண்டியைச் சுற்றி வந்தார். சீட்டை அமுக்கிப் பார்த்தார். பின் சக்கரத்துக்கு அருகில் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"ஏனுங்க சித்தன், லேடீஸ் கால் வெக்கற கம்பி இங்க ஒண்ணு இருக்கோணுமே?"

"ஆரஞ்சுக் கூடை மாட்டறதுக்கு எடஞ்சலா இருந்துதுங்க. கழட்டிட்டன்."

"எப்ப?"

"வாங்குன வருசமே."

மூன்று வருஷமாகப் பாவாயி காலை அந்தரத்தில் தொங்கவிட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறாள். கவுண்டர் அவளைப் பார்த்து, "நீ சொல்லலியா கண்ணு?" என்று கேட்டார். பாவாயி, "ரெண்டு தரம் சொன்னனுங்க. சத்தத்துல அவருக்குக் கேக்கல. அப்பறம் சொல்லல" என்றாள். பஞ்சாயத்தில் அன்றைக்கு அவள் பேசியது அவ்வளவுதான்.

"செரி, பின்னால இருந்து ஆள் எறங்குனா ஓட்டறவனுக்குத் தெரியுமா தெரியாதா, அதச் சொல்லுங்க" என்றார் கவுண்டர்.

தேவசிகாமணி துணியில் கையைத் துடைத்தார். "ஸ்பிரிங்கு மேல வரும். வண்டி லேசாகும். பாதிப் பேருக்குத் தெரியும்ங்க, பாதிப் பேருக்குத் தெரியாது."

இதைச் சொல்லவா ஒண்டிக்கடையிலிருந்து ஒரு ஆளை வரவழைத்தோம் என்று கவுண்டருக்கு எரிச்சல் வந்தது. அப்புறம் யோசித்தார். வெற்றிலையை மென்று துப்பிவிட்டுத் தீர்ப்பை இரண்டாகப் பிரித்தார். "தெரியாமப் போயிருந்தா அது வண்டி செஞ்சது. பொண்ணு பொறப்பட்டு ஊட்டுக்குப் போகட்டும். தெரிஞ்சும் போயிருந்தா அது மனுசன் செஞ்சது. அப்பறம் அவள வான்னு கூப்புட உனக்கு வாயில்ல, சித்தா. ஓட்டிப் பாத்தர்லாம்."

ஓட்டிப் பார்ப்பதென்றால் பாவாயி எடைக்கு ஓர் ஆள் வேண்டும். காப்பி மூட்டை நிறுக்கிற தராசைக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு இருந்த மாதிரியே அவரைக்கொட்டைப் பையைக் கையில் கொடுத்துப் பாவாயியை ஏற்றினார்கள். நாற்பத்தாறு கிலோ. ஊரில் ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். ஒருத்தரும் ஒத்துவரவில்லை. கடைசியில் கவுண்டரே பையை வாங்கிக்கொண்டு ஏறினார். நாற்பத்தேழு. கவுண்டர் யாரையும் பார்க்காமல் கம்பளியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். முள் நாற்பத்தாறில் நின்றது.

"வயசான காலத்துல ஓடற வண்டியிலிருந்து எறங்குவீங்களா?" என்று யாரோ கேட்டார்கள்.

"முப்பது வருசமா நான் நிக்கற பஸ்ஸுல எறங்குனதே இல்ல" என்றார் கவுண்டர்.

பொன்னுவேலுக்கு மட்டும் ஒரு சந்தேகம் தீரவில்லை. "தெரிஞ்சும் தெரியாத மாதிரி போயிட்டான்னா என்னங்க பண்றது?"

நல்ல கேள்விதான். கவுண்டர் சித்தனை அழைத்து, டாங்கின் மேல் கையை வைக்கச் சொல்லி, சேர்வராயன் பேரில் சத்தியம் வாங்கினார். ஆள் இறங்கியது தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். தெரியாவிட்டால் நேராக ஒண்டிக்கடை. எந்த வளைவில் இறங்குவார் என்பதைச் சொல்ல மாட்டார். சித்தன் துணிந்து சத்தியம் செய்தான். அவனுக்குத்தான் தெரியவில்லையே, பயப்பட என்ன இருக்கிறது?

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பொன்னுவேலும் பாவாயியும் தேவசிகாமணியும் ஒண்டிக்கடைக்குப் போய் டீக்கடையில் காத்திருந்தார்கள். கரடியூரில் கவுண்டர் வேட்டியை இழுத்துச் செருகி, பின் சீட்டில் பாவாயி உட்கார்ந்த மாதிரியே இடது பக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார். ஊர்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சித்தன் ஓர் உதை உதைத்தான். வண்டி கிளம்பியது.

முதல் வளைவில் கவுண்டர் என்னவோ சொன்னார். கேட்கவில்லை. இரண்டாம் வளைவில், "காலுக்கு ஒரு புடிமானமும் இல்லியே சாமி!" என்று கத்தியது பாதி கேட்டது. "நல்லா உக்காருங்க, ஒண்ணும் ஆவாது" என்று சித்தன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கத்தினான். மூன்றாம் வளைவில் கவுண்டர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு எதிரே ரோடு இல்லை, பள்ளத்தாக்குதான் இருந்தது. முன்னால் என்ன வருகிறது என்று பார்க்கச் சித்தனுடைய முதுகு மறைத்தது. வண்டி எந்தப் பக்கம் சாயப் போகிறது என்பது சாய்ந்த பிறகுதான் தெரிந்தது. ஊருக்கே தீர்ப்புச் சொல்கிற மனிதர், ஒரு கையால் பையையும் மறு கையால் சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியையும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

ஐந்தாம் வளைவு மேடு. சித்தன் செகண்டு கியருக்கு மாற்றினான். வளைவு பாதியில் இருக்கும்போது வண்டி லேசானது.

சத்தம் ஒன்றும் இல்லை, குலுங்கவும் இல்லை. பின்பக்கம் மெல்ல மேலே எழும்பியது, ஹாண்டில்பார் கைக்கு இளகியது, திணறிக்கொண்டிருந்த இன்ஜின் மூச்சுவிட்ட மாதிரி மேட்டில் ஏறியது. கவுண்டர் இறங்கிவிட்டார். சித்தனுக்குத் தெரிந்தது. உள்ளங்கைக்குத் தெரிந்தது, முதுகுக்குத் தெரிந்தது, இடுப்புக்குத் தெரிந்தது. தலையில் சுமந்து வந்த மூட்டையை இறக்கினால் எவனுக்காவது தெரியாமல் இருக்குமா?

அதுகூடப் பரவாயில்லை. இது அவனுக்குப் புதிதாக இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமையும் இதே லேசு வந்தது. பஞ்சாயத்தில் அவன் பொய் சொல்லவில்லை. தெரியவில்லை என்று உண்மையாகவே நம்பிக்கொண்டுதான் சொன்னான். இப்போது, அன்றைக்கு இது வந்தபோது தான் என்ன நினைத்தோம் என்பதும் சேர்ந்து ஞாபகத்துக்கு வந்துவிட்டது. காது இரண்டும் சூடாகிப்போயின.

கால் பிரேக்குக்குப் போனது. நிறுத்தினால் பாவாயி இல்லை. இனி எந்தக் காலத்துக்கும் கட்டி கட்டியாகக் களிதான். நிறுத்தாவிட்டால் இன்னும் கொஞ்ச தூரத்தில் டீக்கடையில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். கால் பிரேக்கை மிதிக்காமலே திரும்பி வந்தது. சேர்வராயா, மன்னிச்சிரு என்று முணுமுணுத்துக்கொண்டே ஆக்சிலேட்டரை முறுக்கினான்.

ஒண்டிக்கடையில் வண்டி வந்து நின்றபோது டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பின் சீட் காலி. "பாத்தீங்களா, பாதிப் பேருக்குத் தெரியாதுன்னு நான் அப்பவே சொன்னங்க" என்றார் தேவசிகாமணி. தெரியும் என்று ஆகியிருந்தாலும் அவர் இதே மாதிரி இன்னொன்று சொல்லியிருப்பார். பொன்னுவேல் முகம் சுண்டிப்போய்விட்டது. ஆனாலும் நேர்மையானவன், பேச்சு மாறவில்லை.

"தீர்ப்பு தீர்ப்புதான். போ கண்ணு" என்றான் தங்கையிடம்.

பாவாயி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்து, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சித்தனுக்கு அடியில் ஸ்பிரிங் அமுங்கியது. அவள் இந்தப் பக்கமாகச் சரிந்து உட்கார்ந்ததும், காலை எங்கே வைப்பது என்று தேடியதும், வைக்க இடமில்லாமல் விட்டுவிட்டதும், ஒன்று விடாமல் அவனுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. தான் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துப் பார்த்தான். ஜெயித்த மாதிரி இல்லை, அழுகைதான் வந்தது. கிக்கரில் காலை வைத்தவன் உதைக்காமல் நின்றான்.

"தெரிஞ்சுது" என்றான்.

"என்னங்க?" என்றாள் பாவாயி.

"கவுண்டர் எறங்குனது. அஞ்சாவது வளைவுல. நல்லாத் தெரிஞ்சுது."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். பொன்னுவேல் ஓர் எட்டு முன்னால் வந்தான். பாவாயி கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

"அன்னைக்கிங்க?"

"அன்னைக்கும் தெரிஞ்சுது." சித்தன் இன்னும் முன்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "நீ உளுந்தயின்னு தெரியல. சேர்வராயன் மேல ஆணை, அது தெரியல. வண்டி லேசாச்சு. அட, இன்னிக்கு வண்டி நொம்ப நல்லா இழுக்குதேன்னு நெனச்சுக்கிட்டன். சந்தோசமா இருந்துது."

சொல்லி முடித்ததும் அவனுக்கே தான் சொன்னது கேட்டது. அட பாவி மனுஷா! பொய்யாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். பொன்னுவேல் வேட்டியை மடித்துக் கட்டினான். தேவசிகாமணி, இதில் மெக்கானிக்கல் விஷயம் ஒன்றும் இல்லை என்பது போல வானத்தைப் பார்த்தார்.

பாவாயி இறங்கிவிட்டாள். வண்டி மறுபடி லேசானது. அவள் போய்விடுவாள் என்று சித்தன் நினைத்தான். அவள் முன்பக்கம் வந்து, ஹாண்டில்பாருக்கு எதிரில் நின்று, அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பறம் இங்க வரைக்கும் எங்கூடப் பேசிக்கிட்டே வந்தீங்களாமா?"

"ஆமா."

"என்ன பேசுனீங்க?"

"சித்திரையில பழனிக்கு வண்டியிலயே போயிட்டு வரலாம், வழியில தங்கித் தங்கிப் போலாம்னன்."

"அதுக்கு நான் என்ன சொன்னன்?"

"நீ ஒண்ணும் சொல்லல. செரீங்கறயாட்டம் இருக்குதுன்னு நெனச்சன்."

பாவாயி அதை யோசித்துப் பார்த்தாள். "நான் உக்காந்திருந்தாலும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கிவிட்டது. அவனைக் கோபித்துக்கொண்டு பன்னிரண்டு நாள் கலங்காத கண். சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, குரலை உயர்த்தி, டீக்கடைக்கே கேட்கும்படி சொன்னாள்: "எனக்குப் பழனி வேண்டாங்க. நான் மேட்டூர் டேம் பாக்கோணும். கண்ணாலத்துக்கு முன்னாடி இருந்தே பாக்கோணும்னு இருக்கறன்."

மேட்டூர் டேம்! ஒன்பது வருஷத்தில் சித்தன் இந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டதே இல்லை. "போலாம்" என்றான் அவசரமாக. "இப்பவே போலாம். வண்டிக்கு மேட்டூர் எல்லாம் ஒரு..."

"பஸ்ஸுல" என்றாள் பாவாயி.

சித்தன் வண்டியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "பஸ்ஸுல" என்றான்.

அந்த நேரத்துக்குக் காய்கறி லாரியில் தொற்றிக்கொண்டு வந்த கவுண்டர், லாரி நிற்பதற்கு முன்பே குதித்து இறங்கி, அவரைக்கொட்டைப் பையோடு நொண்டிக்கொண்டு வந்தார். நடந்ததைப் பொன்னுவேல் ஒரே மூச்சில் சொன்னான். கவுண்டர் கேட்டுவிட்டு, சித்தனை ஒரு முறை முறைத்தார். சாமி பேரில் பொய்ச் சத்தியம். அதற்குத் தனியாகக் கோயிலில் அபராதம் உண்டு, அது பிறகு. இப்போது பெண்ணைத்தான் கேட்க வேண்டும்.

"இனி உன்ற இஷ்டம்தான் கண்ணு. இவங்கூட ஊட்டுக்குப் போறயா, அண்ணங்கூடப் போறயா?"

"மேட்டூர் போயிட்டு வந்து சொல்றனுங்க" என்றாள் பாவாயி.

இப்படி ஒரு பதிலைக் கவுண்டர் தன் காலத்தில் கேட்டதில்லை. ஆனால் அந்தப் பின் சீட்டில் ஐந்து வளைவு உட்கார்ந்து வந்தவர் அவர். அவருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. "போயிட்டு வந்து சொல்லு" என்று சொல்லி, பையைப் பொன்னுவேல் கையில் கொடுத்துவிட்டு, முதல் காரியமாக ஒரு டீ சொன்னார். சித்தன் வண்டிச் சாவியைத் தேவசிகாமணியிடம் கொடுத்து, கால் வைக்கிற கம்பி ஒன்றை மாட்டி வைக்கச் சொன்னான்.

சேலம் பஸ்ஸில் பாவாயிக்கு ஜன்னலோரம் கிடைத்தது. அவளுக்குப் பக்கத்தில் இடமில்லை. சித்தனுக்கு அவளுக்கு முன் சீட்டில்தான் இடம் கிடைத்தது. அடிவாரம் வரை இருபது கொண்டை ஊசி வளைவு. முதல் வளைவில் பஸ் சாய்ந்தபோது சித்தன் திரும்பிப் பார்த்தான். பாவாயி இருந்தாள். இரண்டாம் வளைவில் திரும்பிப் பார்த்தான், இருந்தாள். மூன்றாவதில் பார்த்தான், நான்காவதில் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இந்த ஆளுக்குக் கழுத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தார்.

பத்தாவது வளைவில் பாவாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இருக்கறனுங்க" என்றாள். "பேசாம உக்காருங்க."